மைனஸ் இருபது

"உன் மெஷினுக்குப் பொய் எதுன்னுதான் தெரியும் தம்பி, உண்மை எதுன்னு தெரியாது." வாத்தியார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து வெனிலாக் காய்களை நீளவாரியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார், சொன்னார், அடுத்த கட்டுக்குப் போய்விட்டார். நானும் ஏதோ பதில் சொன்னேன். ஆனால் தீபாவளி முடிந்து இத்தனை நாளாகியும் அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போதுகூட நடுவில் வந்து நிற்கிறது. எழுதிப் பார்த்தாலாவது அடங்குமா என்றுதான் இந்தப் பதிவு.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு வாத்தியாரைத் தெரியும். காரைக்கால்காரர். இளம் வயதில், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான இந்த ரியூனியனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவர், சேந்த் ஆந்த்ரேயிலேயே தங்கிவிட்டார். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். சேந்த் சூசானில் பிறந்த மலபார் குடும்பம். இங்கே மலபார் என்றால் கேரளம் இல்லை. அடிமை முறை ஒழிந்த 1848-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த, பெரும்பாலும் தமிழர்களான மக்களின் வாரிசுகளுக்கு அதுதான் பெயர். அக்காவின் தமிழ் பாதி கோயில் பாட்டு, பாதி கணவரிடம் கற்றது. வெனிலா மட்டும் அவர் பிறந்த வீட்டுச் சொத்து. வீட்டுக்குப் பின்னால் சவுக்கும் தாழையும் நிற்கிற சரிவில் கொடி ஏற்றியிருக்கிறார்கள். நான் புதுச்சேரி, இங்கே வேதியியல் ஆசிரியராக வருவதற்கு முன் சில வருடம் பிரான்ஸில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். வாசனைப் பொருள்களில் இருக்கும் கார்பனின் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது எடை மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை, அளப்பது என் வேலை. வாத்தியார் "உன் மெஷின்" என்றது அதைத்தான்.

விஷயம் இதுதான். சந்தையில் அக்கா காய் விற்கும்போது சுற்றுலாக்காரர்கள் காயை எடுத்து முகர்ந்துவிட்டு, இது இந்தத் தீவுடையதா, மடகாஸ்கரிலிருந்து வந்ததா என்று கேட்கிறார்களாம். அக்கா சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவார். வாத்தியாருக்குத்தான் பொறுக்கவில்லை. "இது எங்க தோட்டத்துக் காய்னு ஒரு நம்பர் போட்டுக் குடுக்க முடியுமா?" என்று என்னைக் கேட்டார். வெனிலாவின் வாசனைக்கு மூலமான சேர்மம் வெனிலின். இது தொழிற்சாலை வெனிலின் இல்லை என்று சொல்லலாம், இது உங்கள் தோட்டம் என்று கார்பனை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். அதற்கு வந்த பதில்தான் முதல் வரியில் இருப்பது.

தீர்ந்துபோன அளவுகோல்

இயற்கையில் இருக்கும் கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று, சரியாகச் சொன்னால் 1.1, கார்பன்-13. மற்றதெல்லாம் கார்பன்-12. இரண்டும் நிலையானவை, சிதையாதவை. ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு இந்த 1.1 மாறுகிறது என்றால் மாறுவது தசமப் புள்ளிக்கு வெகுதூரம் தள்ளி. அதனால் யாரும் விகிதத்தை அப்படியே சொல்வதில்லை. ஒரு பொதுப் பொருளோடு ஒப்பிட்டு, அதைவிட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்று சொல்வோம். இதுதான் டெல்டா மதிப்பு, அலகு பெர் மில். அந்தப் பொதுப் பொருள் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீ டீ பாறையடுக்கில் கிடைத்த பெலெம்னைட் என்ற, கணவாய்க்கு உறவான ஓர் அழிந்த உயிரியின் புதைபடிவம். அதில் கார்பன்-13 சற்று அதிகம் என்பதால் செடிகளின் எண்கள் எல்லாமே மைனஸில்தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் புதைபடிவம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆளாளுக்கு எடுத்து அளந்தே தீர்த்துவிட்டார்கள். பிறகு என்பிஎஸ்-19 என்ற ஒரு சுண்ணாம்புப் பொடியின் மதிப்பு பிளஸ் 1.95 என்று வைத்துக்கொள்வோம் என முடிவு செய்து, அதிலிருந்து பழைய அளவுகோலைக் காகிதத்தில் நிலைநிறுத்தினார்கள். இன்று உலகம் முழுக்க ஒப்பிடுவது கையில் இல்லாத ஒரு பொருளோடுதான். ஆய்வகத்தில் தினசரி நாங்கள் வைத்து ஓட்டிய ஒப்பீட்டுப் பொருள்களில் ஒன்று வெறும் சர்க்கரை: வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஐஏஈஏ-சிஎச்-6, மதிப்பு மைனஸ் 10.45. முதல் நாள் அந்தக் குப்பியைக் கையில் வாங்கியபோது, வியன்னாவிலிருந்து வரவழைத்தது சர்க்கரைதானா என்று சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மைனஸ் 10.45 தற்செயல் இல்லை. அது கரும்புச் சர்க்கரையின் எண்.

கரும்பும் கொடியும்

நெல், கோதுமை, சவுக்கு, மாமரம், லிச்சி என்று பெரும்பாலான செடிகள் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை நேராக ரூபிஸ்கோ என்ற நொதியிடம் கொண்டுபோகின்றன. ரூபிஸ்கோவுக்குக் கனமான கார்பன் பிடிக்காது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற ஆள் மாதிரி, கூடை திறந்து கிடக்கும்வரை இலேசானதை எடுத்துக்கொண்டு கனமானதைத் திருப்பிப் போட்டுவிடும். காற்றின் எண் இன்று மைனஸ் 8.5 வாக்கில் இருக்கிறது. இந்தச் செடிகளின் எண் மைனஸ் 27-ஐ ஒட்டி வருவது இந்தப் பொறுக்கலால். இவை சி3 செடிகள். கரும்பு வேறு மாதிரி. அது முதலில் பெப் கார்பாக்ஸிலேஸ் என்ற இன்னொரு நொதியால் கார்பனைப் பிடித்து, உள்ளே மூடிய செல்களுக்குத் தள்ளி, அங்கே வைத்துத்தான் ரூபிஸ்கோவிடம் கொடுக்கிறது. பை கட்டித் தந்துவிட்ட பிறகு பொறுக்க என்ன இருக்கிறது? உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கரும்பின் எண் மைனஸ் 12 பக்கம் நின்றுவிடுகிறது. மக்காச்சோளம், சோளம், கம்பு எல்லாம் இந்த சி4 வரிசைதான்.

இந்த சி4 வழியைக் கண்டுபிடித்ததே கரும்பை வைத்துத்தான். ஹவாயில் கரும்பு முதலாளிகள் சங்கத்தின் ஆய்வகத்தில் கோர்ட்ஷாக் என்பவரும் சகாக்களும் கரும்பு இலையில் முதலில் உண்டாவது மூன்று கார்பன் சேர்மம் இல்லை, நான்கு கார்பன் அமிலம் என்று பார்த்து 1965-இல் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துச் சர்க்கரைக் கம்பெனி ஆய்வகத்தில் ஹாட்சும் ஸ்லாக்கும் 1966-இல் அதை முழு வழியாக விளக்கினார்கள். நம் முன்னோர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த செடி, உலகத் தாவரவியலுக்கு ஒரு பெரிய பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வெனிலா மூன்றாவது ரகம். வறண்ட நிலக் கள்ளிகளைப் போல அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். இரவில் பிடித்த கார்பனை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்துப் பகல் வெளிச்சத்தில் ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கும். இதைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்று நம் ஊர்ப்பக்கத்தது. தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர் ரணகள்ளி இலையைக் காலையில் மென்றார், புளித்தது. நண்பகலில் மென்றார், சுவையே இல்லை. மாலையில் இலேசாகக் கசந்தது. லண்டனுக்கு எழுதி அனுப்பினார், 1815-இல் அச்சானது. ஐசோடோப்பு, நிறமாலைமானி எதுவும் இல்லை, நாக்குதான் கருவி. ரணகள்ளியின் சொந்த ஊர் மடகாஸ்கர், இங்கே வாத்தியார் வீட்டு மதில் ஓரத்திலும் முளைத்துக் கிடக்கிறது. யாரும் செய்து பார்க்கலாம், காலையிலும் மாலையிலும் ஓர் இலை. கொஞ்சமாகக் கடித்துத் துப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெனிலாக் காயிலிருந்து எடுத்த வெனிலினின் எண் பெரும்பாலும் மைனஸ் 20-ஐ ஒட்டி வருகிறது. மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னின் என்ற பொருளிலிருந்து செய்த வெனிலின் மைனஸ் 27 பக்கம். பெட்ரோலியத்திலிருந்து செய்ததும் அந்தச் சுற்றுவட்டாரத்திலோ இன்னும் கீழேயோ. நெல் தவிட்டின் ஃபெருலிக் அமிலத்தை நுண்ணுயிர்களை வைத்து மாற்றியது மைனஸ் 36 வரைகூடப் போகும். ஒரு செடி முழுவதற்கும் ஒரே எண் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே மரத்தில் லிக்னின் செல்லுலோஸைவிடச் சில பெர் மில் கீழே இருக்கும், கொழுப்பு அதற்கும் கீழே. அதனால்தான் காயை மொத்தமாக அரைத்து அளப்பதைவிட, அதிலிருக்கும் ஒரே ஒரு சேர்மத்தைப் பிரித்து அளப்பதற்கு இவ்வளவு மரியாதை.

புகையாகப் போகிற வாசனை

மெஷினுக்கு மூக்கு கிடையாது. மொத்தமாக அளப்பதென்றால் மாதிரியை வெள்ளீயத் தாளில் மிளகளவு பொட்டலமாக மடித்து, ஆயிரம் டிகிரி வாக்கில் இருக்கும் உலையில் ஆக்சிஜனோடு போட வேண்டும். வெள்ளீயம் பற்றிக்கொள்ளும்போது ஒரு கணம் சூடு 1,800 டிகிரி வரை எகிறும். உள்ளே போனது சந்தனமா, சாணமா, வெனிலாவா என்பதெல்லாம் போய், வெளியே வருவது கார்பன் டைஆக்சைடு. காந்தப் புலத்தில் அது 44, 45, 46 என்று எடைவாரியாகப் பிரிந்து மூன்று கிண்ணங்களில் விழும். 45-ஐ 44-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட விடை வந்துவிட்டது. கிட்டத்தட்டதான், ஏனென்றால் ஆக்சிஜன்-17 ஏறிய மூலக்கூறும் 45-இல் வந்து உட்காரும். அதற்குத் தனியாகக் கழிக்க வேண்டும்.

வெனிலினை மட்டும் அளப்பதென்றால் முன்னால் ஜிசி, அதாவது கேஸ் குரோமட்டோகிராஃபி இருக்கும். காயின் சாற்றிலிருக்கும் சேர்மங்கள் நீண்ட மெல்லிய குழாயில் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும், ஒவ்வொன்றும் வருகிற வரிசையிலேயே குட்டி உலையில் எரியும், தண்ணீரை உறிஞ்சி எடுத்த பிறகு புகை மட்டும் மெஷினுக்குப் போகும். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த தொல்லை ஒன்று உண்டு. கார்பன்-13 உள்ள மூலக்கூறுகள் குழாயிலிருந்து ஒரு நொடியில் சிறு பங்கு முன்னதாக வெளியே வந்துவிடும். திரையில் ஒரு மேடாகத் தெரியும் வெனிலினின் முன்பாதி கனமானது, பின்பாதி இலேசானது. மேட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டால் எண் பல பெர் மில் நகர்ந்துவிடும். பக்கத்தில் இன்னொரு சேர்மம் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைய பொழுது போச்சு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மேட்டின் எல்லையைக் குறிக்கும்போது எங்கள் மேலாளர் பின்னால் வந்து நிற்பார், ஒன்றும் சொல்லமாட்டார், மூச்சு மட்டும் கேட்கும்.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தால் 0.2, 0.3 பெர் மில் துல்லியம் கிடைக்கும். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய எண் மீது ஒரு பற்று வந்துவிடுகிறது. மைனஸ் 20 என்றால் நல்லது, மைனஸ் 27 என்றால் களவு என்று மனம் தானாகவே பிரித்துவிடும். வாத்தியாரிடம் நான் பேசிய தொனியில் அந்தப் பற்று இருந்திருக்கும், அதுதான் அவரைச் சீண்டியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

எட்டில் ஒன்று

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் மேலாளர் என்னிடம் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையின் நகலைக் கொடுத்தார். 1983-இல் டேனா குரூகர், ஹெரால்ட் குரூகர் என்ற இருவர் எழுதியது. நான் அதைத் தொழில்நுட்பக் குறிப்பாகத்தான் அப்போது படித்தேன். வாத்தியார் சொன்ன பிறகு மறுபடி எடுத்துப் படித்தபோது அது வேறு கதையாக இருந்தது.

எழுபதுகளின் முடிவில் வெனிலினின் கார்பன் எண்ணைப் பார்த்துப் போலியைப் பிடிக்கும் வழக்கம் வந்துவிட்டது. மைனஸ் 27 வந்தால் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் என்ன செய்தார்கள்? போலியை விட்டுவிடவில்லை. எண்ணைத் திருத்தினார்கள். வெனிலின் மூலக்கூறில் எட்டு கார்பன். அதில் ஒன்று மெத்தில் தொகுதியில் தனியாகத் தொங்குகிறது. அந்த இடத்தில் கார்பன்-13 வைத்துத் தயாரித்த வெனிலினைத் துளி கலந்தால் சராசரி மேலே ஏறிவிடும். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 27-ஐ மைனஸ் 20 ஆக்க, ஒரு கிலோ மர வெனிலினுக்கு அந்த விசேஷச் சரக்கு அரை கிராமுக்குச் சற்று அதிகம் போதும். ஒரு சிட்டிகை. மெஷின் எட்டையும் ஒன்றாக எரித்துச் சராசரி சொல்வதால் அதற்கு எதுவும் தெரியாது. மைனஸ் 20 என்று சமர்த்தாகச் சொல்லிவிடும்.

குரூகர்கள் செய்தது, அந்த மெத்தில் தொகுதியைத் தனியாகக் கழற்றி அளந்தது. எட்டில் ஏழு மைனஸ் 27-இல் இருக்க, சராசரி மைனஸ் 20 ஆக வேண்டுமானால் எட்டாவது மட்டும் பிளஸ் 29-க்குப் போக வேண்டும். எந்தச் செடியும் அப்படி ஒரு கார்பனைச் செய்யாது. பிடித்துவிட்டார்கள். சரி, முடிந்ததா? இல்லை. 1985-இல் அவர்களே இன்னொரு கட்டுரை எழுத வேண்டி வந்தது: இப்போது கனமான கார்பன் மெத்திலில் இல்லை, கார்போனில் என்ற இன்னொரு மூலையில் இருந்தது. அதற்குள் நாந்த் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மார்த்தேனின் குழு காந்த ஒத்ததிர்வை வைத்து மூலக்கூறின் ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் ஹைட்ரஜன் ஐசோடோப்பைத் தனித்தனியாக எண்ணும் வழியைக் கொண்டுவந்துவிட்டது. இப்படியே ஒருவர் பூட்டுப் போட, இன்னொருவர் சாவி செய்ய, இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் மக்காச்சோளத்திலிருந்து தொடங்குகிறவனுக்கு விசேஷச் சரக்கு எதுவும் வேண்டாம். சி4 செடி என்பதால் அவன் எண் ஆரம்பத்திலேயே மேலே இருக்கும்.

அந்த இரண்டாவது வாசிப்பில்தான் வாத்தியாரின் வாக்கியம் எனக்கு விளங்கியது. மைனஸ் 27 ஒரு முடிவான பதில். அந்த எண்ணோடு வருகிற வெனிலின் காயிலிருந்து வரவில்லை, மேல்முறையீடு இல்லை. மைனஸ் 20 அப்படி இல்லை. "எனக்குத் தெரிந்த பொய்கள் எதுவும் இதில் இல்லை" என்பதற்கு மேல் அது ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. நாளை வரப்போகும் பொய்யை அது பார்த்ததே இல்லை.

தேனிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். தேனீ தேடிப்போகும் பூக்கள் பெரும்பாலும் சி3. இங்கே லிச்சித் தேனும் அப்படித்தான். தேனின் எண் மைனஸ் 25 பக்கம், கரும்புச் சர்க்கரையின் எண் மைனஸ் 10, 11. கலந்தால் தெரிந்துவிடும். தேனிலிருக்கும் புரதத்தைத் தனியாகப் பிரித்து, அதன் எண்ணோடு தேனின் எண்ணை ஒப்பிட்டால் இன்னும் துல்லியமாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரு பெர் மில்லுக்கு மேல் இடைவெளி வந்தால், அதாவது கலப்பு ஏழு சதவீதத்தைத் தாண்டினால், கலப்படம் என்று கணக்கு. கரும்பு சூழ்ந்த தீவுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது. ஆனால் அரிசிச் சிரப்பை ஊற்றினால்? அரிசியும் சி3. இந்தச் சோதனை வாயைத் திறக்காது.

எட்மோனுக்கு யார் சாட்சி

அக்காவின் ஊரான சேந்த் சூசானில்தான் எட்மோன் அல்பியுஸ் பிறந்தான், 1829-இல், அடிமையாக. மெக்சிகோ பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்ட வெனிலாக் கொடியை இங்கே கொண்டுவந்து நட்டார்கள், பூத்தது, காய்க்கவில்லை. அங்கே மகரந்தம் சேர்க்கும் பூச்சி இங்கே இல்லை. பெல்ஜியத்தில் மோரேன் என்ற பேராசிரியர் 1836-இல் செயற்கையாகக் காய்க்க வைத்தார், ஆனால் தோட்டத்தில் செய்கிற மாதிரி வழி வரவில்லை. 1841-இல் பன்னிரண்டு வயது எட்மோன், பூவுக்குள் ஆண் பாகத்தையும் பெண் பாகத்தையும் பிரிக்கும் மெல்லிய தடுப்பை ஒரு குச்சியால் தூக்கிக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினான். இன்றைக்கும் உலகம் முழுக்க அதேதான். பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும் என்பதால் பூக்கும் மாதங்களில் அக்கா காபி குடித்த கையோடு கொடிகளுக்குள் போய்விடுவார். அவர் விரல் நகர்வதைப் பார்க்கவே முடியாது, அவ்வளவு வேகம்.

இதில் என் வாதத்துக்கு வேண்டியது பிறகு நடந்தது. ரிஷார் என்ற தாவரவியலாளர், இதைத் தான் முன்பே தீவில் செய்து காட்டியிருந்ததாகக் கிளம்பினார். ஒருபக்கம் படித்த வெள்ளைக்காரர், மறுபக்கம் அடிமையாகப் பிறந்த கறுப்பினச் சிறுவன். எட்மோனுக்காக எழுதிக் கொடுத்தவர் அவனுடைய எசமானர் பெலியே போமோன்: நான் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தேன், காய்களைப் பார்த்தேன், இவன்தான் செய்தான். அந்தச் சாட்சி இல்லையென்றால் இன்று அந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. அதனால் அவனுக்கு வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1848-இல் விடுதலை கிடைத்தது. வெனிலாவில் தீவு பணம் பார்த்தது. அவன் 1880-இல் வறுமையில் செத்தான்.

எந்தக் கருவியாலும் அளக்க முடியாத ஓர் உண்மை, பார்த்த ஒருவர் பார்த்தேன் என்று சொன்னதால் நின்றது. மடகாஸ்கரில் விவசாயிகள் திருட்டுக்குப் பயந்து பச்சைக் காயிலேயே ஊசியால் குத்தித் தங்கள் குறியைப் பதிக்கிறார்கள். காய் பதமாகிக் கறுத்துச் சுருங்கிய பிறகும் அந்தத் தழும்பு தெரியும். அதுவும் சாட்சிதான். 2018-ஐ ஒட்டி விலை கிலோ 600 டாலரைத் தொட்ட காலத்தில் எங்கள் மெஷினை விட அந்தத் தழும்பை நம்பியவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள்.

இவ்வளவு ஒத்துக்கொண்ட பிறகும் வாத்தியாரிடம் எனக்கு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. பொய் எது என்று மட்டும் தெரிவது சின்ன விஷயமா? உலகத்தில் விற்கிற வெனிலா மணத்தில் மிகப் பெரும்பகுதி காயைக் கண்டதே இல்லை. மைனஸ் 27-ஐ மைனஸ் 27 என்று சொல்ல ஆள் இல்லையென்றால் அக்காவின் காய்க்கு அந்த விலைதான் கிடைக்கும். ஒன்பது மாதம் கொடியில், பிறகு வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்க வைத்து, வெயிலில் காட்டி, பெட்டியில் மாதக்கணக்கில் வைத்து எடுத்ததை அந்த விலைக்கு யார் கொடுப்பார்கள்? சாட்சி சொல்வதற்கு ஒருவர் வேண்டும் என்றால், பொய்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இன்னொருவரும் வேண்டும்.

லேபிள்

போன மாதம் வாத்தியாரின் காய் இரண்டைப் பழைய நண்பர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினேன். ஆய்வகத்தில் ஓய்வாக இருந்த நேரத்தில் ஓட்டிப் பார்த்துச் சொன்னார். மைனஸ் 20-க்குப் பக்கத்தில், எதிர்பார்த்தபடி. மடகாஸ்கர்க் காயாக இருந்தாலும் அங்கேதான் வந்திருக்கும். ஒரே இனம், ஒரே பாதை, எண்களின் வட்டம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. நண்பர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்: நூறு வருடத்துக்கு முந்தைய காய் எங்காவது கிடைத்தால் அனுப்பு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் எண் மைனஸ் 6.5 வாக்கில் இருந்தது. நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோலின் கார்பன் பழைய செடிகளுடையது, இலேசானது. அது கலந்து கலந்து காற்றை இரண்டு பெர் மில் கீழே இழுத்துவிட்டது. அந்தக் காற்றைத்தான் கொடி இரவில் குடிக்கிறது. ஆக, அசல் காயின் எண்ணும் மெதுவாகக் கீழே வந்துகொண்டிருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து செய்த வெனிலினைப் போலி என்று ஒதுக்குகிறோம், பெட்ரோலியப் புகை அசலுக்குள் ஏற்கெனவே குடியேறிவிட்டது.

வாத்தியாரிடம் எண்ணைச் சொன்னதும், நான் எதிர்பார்க்காத மாதிரி, அவருக்குப் பரம சந்தோஷம். "ஊரைச் சொல்லலைன்னா போகுது. லேபிள்ல பெருசா போட்டுடுவோம்" என்றார். தசமப் புள்ளியோடு போட வேண்டுமாம். நான் கூடாது என்றேன். எண்ணை அச்சடித்தால் அது ஒரு குறிக்கோளாகிவிடும், அடுத்தவன் அதற்குச் சரக்கை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவான், 1983-இல் நடந்தது அதுதான் என்று முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஏன் தம்பி, ஒரு சரிவுத் தோட்டத்துக் காய்க்கு எவனாவது கார்பன்-13 வாங்கிக் கலப்பானா?" என்றார். அது நியாயமான கேள்விதான்.

அக்காவுக்கு இந்த வழக்கில் அக்கறையே இல்லை. காயைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, சந்தைக்கு வந்து கேட்கிறவர்களைத் தோட்டத்துக்கே வரச் சொல்லப் போகிறேன், சனிக்கிழமை காலையில் வந்தால் கொடியைக் காட்டலாம் என்றார். லேபிளில் தோட்டத்து விலாசமும் பறித்த வருடமும் மட்டும் போட்டால் போதும் என்பது அவர் கட்சி, என் கட்சியும் அதுதான். வாத்தியார் விடவில்லை. எண் உண்டு என்றால் ஒரு வரி கூடுதல், தமிழ் எழுத்தும் வேண்டும் என்றால் அச்சகத்துக்காரர் எழுத்துரு தேட வேண்டும். விலைப் பட்டியல் வந்திருக்கிறது. இரண்டு நிறத்துக்கு ஒரு விலை, நான்கு நிறத்துக்கு ஒரு விலை. இப்போதைக்கு அதில்தான் நிற்கிறார்கள்.